அனுபவம்: இல்லை

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நாங்கள் மூன்று பேர் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டது போதும், பெயராவது அவளிடமே இருக்கட்டும். திருவொற்றியூரில் எங்கள் சந்தில், எங்கள் வீட்டுக்கு எதிரே இரண்டாவது வீடு அவளுடையது. ஒல்லியாக இருப்பாள். இரட்டைப் பின்னலில் ஒன்று எப்போதும் பாதி அவிழ்ந்தே தொங்கும். யாரிடம் பேசினாலும் அவர்களுடைய கையையோ காலையோ ஒரு விரலால் தொட்டுக்கொண்டுதான் பேசுவாள். மற்றதெல்லாம் பரவாயில்லை, அந்த விரலைத்தான் என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். பரீட்சைக்குப் படிப்பதைச் சொல்லவில்லை, அதில் அவள் சுமார்தான். நம்முடைய வாழ்க்கை நம்மைவிட அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். என் அம்மா கேஸ் புத்தகத்தைக் காணோம் என்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு, கடைசியில் சந்தில் இறங்கி அவளைத்தான் கூப்பிடுவார். அவள் துணி அலசிக்கொண்டே, "போன மாசம் சிலிண்டர் வந்தப்போ மாதா படத்துக்குப் பின்னால சொருவினீங்களே ஆன்ட்டி," என்பாள். அங்கேதான் இருக்கும்.

"தேர்த் திருவிழாக்கு நீ மஞ்சக் கலர் சுடிதார் போட்டிருந்தே. துப்பட்டா பின்னு குத்தி ரத்தம் வந்துச்சி. யாருக்கும் தெரியாம எச்சி தொட்டு வெச்சிக்கினே," என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. ஆனால் அவள் என் தோளில் விரலை வைத்ததும் அங்கே சுருக்கென்றது. நாங்கள் சிரித்தோம். அம்மா மட்டும் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது, "அதுகிட்ட ரொம்பப் பேச்சு வெச்சிக்காத. நம்ம வூட்டு கத பூரா அது தலையில கீது," என்றார். கேஸ் புத்தகம் காணாமல் போகும்போது மட்டும் அந்தத் தலை தேவைப்பட்டது, அது வேறு விஷயம்.

நான், அவள், ஸ்டெல்லா, தேவி. நால்வரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. ப்ளஸ் டூ முடிந்த அந்தக் கோடையில் அம்மா எனக்காக ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசரைப் பார்த்துப் பேசி வைத்திருந்தார். அடுத்த மாதம் முதல் தேதி வந்துவிடச் சொல்லியிருந்தார்கள். அந்த வேலையைக் கேவலம் என்று சொல்லமாட்டேன். என் அத்தை பதினேழு வருஷமாக அங்கே போய்த்தான் இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றினார். ஆனால் மெஷின் பக்கமே சாய்ந்து சாய்ந்து அவர் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. போட்டோவுக்குக்கூட நேராக நிற்க வராது. எனக்கு அந்தக் கழுத்து வேண்டாம், அவ்வளவுதான்.

அப்போதுதான், நாங்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுகிற ஒருவர் ஒரு காலேஜ் ஃபாரத்தைக் கொண்டு வந்தார். பேங்கில் வேலை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் ஹாலில் உட்கார்ந்து, எங்களைப் போன்றவர்களுக்குக் காலேஜ் விண்ணப்பங்கள் எழுத உதவுவார். ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி, ஹாஸ்டலோடு. தேர்ந்தெடுத்துவிட்டால் மூன்று வருஷமும் ஒரு பைசா கட்ட வேண்டாம். எங்கள் பகுதிக்கு நாலு ஃபாரம் கிடைத்திருந்தது. கூடவே ஒரு சின்னப் புத்தகம், அட்டையில் அந்தக் கல்லூரியின் வாசல் வளைவு. நாங்கள் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு வைத்தோம். அவள் அதைக் கையில் வாங்கினாள், திருப்பித் தரவே இல்லை. "உள்ள போனா மொத மொத இன்னா இருக்கும்ணா?" என்று அண்ணனிடம் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை.

ஃபாரத்தில் மதிப்பெண், முகவரி எல்லாம் சுலபமாக முடிந்தது. கடைசிப் பக்கத்தில் இரண்டே கேள்வி. உங்கள் பலம் என்ன? அதைக் காட்டும் உங்கள் அனுபவம் ஒன்றை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுக. நாங்கள் நால்வரும், பேசி வைத்துக்கொண்டதுபோல, 'அனுபவம்: இல்லை' என்று எழுதிக் கொடுத்தோம். எங்கள் வீடுகளில் அந்தச் சொல் வேலைக்கு எழுதிப் போடும் காகிதத்தில் மட்டும்தான் வரும். வேலைக்குப் போகாத பிள்ளைக்கு ஏது அனுபவம்?

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "வேலை அனுபவம் இல்லம்மா! உங்க வாழ்க்கையில நடந்தது. தைரியமா ஒண்ணு பண்ணியிருப்பீங்க, பொறுமையா ஒண்ணு பண்ணியிருப்பீங்க. ஒண்ணுகூடவா இல்ல?"

"நான் இன்னாண்ணா பண்ணேன்? ஸ்கூலுக்குப் போனேன், வந்தேன். நடுவுல ஒரு தபா மஞ்சக்காமாலை வந்துச்சி," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாவிட்டால் முதல் தேதி நான் எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்திருந்த அவள் குனிந்து, என் இடது முழங்காலுக்குக் கீழே விரலை வைத்தாள்.

"வெள்ளத்துல புள்ளயத் தூக்கினு வந்தியே, அத எழுது."

"எந்தப் புள்ள?"

"முக்கு வூட்டுப் பாப்பா. ஏழாவது படிக்க சொல்லோ."

"நான் அன்னிக்கு ஸ்கூல் மாடில இருந்தேன்டி. எங்கம்மாகூட. சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக்கினு."

"யோசி," என்றாள். "உள்ள கீது."

கேஸ் புத்தகம் இருக்கும் இடத்தைச் சொல்லும் அதே குரலில் சொன்னாள். முக்கு வீட்டுக்காரம்மா ரொட்டி வாங்கப் போனவள் தண்ணீரில் மாட்டிக்கொண்டாள். பாப்பாவுக்கு மூணு வயசு, தையல் மெஷின்மேல் ஏறி நின்று அழுதுகொண்டிருந்தது. நீ போனாய், தண்ணீர் மார்பு வரைக்கும் இருந்தது. பாப்பாவைக் கழுத்தில் உட்காரவைத்துக்கொண்டு வந்தாய். சந்து முனையில் சாக்கடை மூடி இல்லை, இடது கால் உள்ளே போனது, கம்பி கிழித்தது. ஒரு கையால் பாப்பாவின் காலையும் இன்னொரு கையால் யார் வீட்டு ஜன்னல் கம்பியையோ பிடித்துக்கொண்டு நின்றாய். இவ்வளவுதான் சொன்னாள். நான் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை குளிக்கும்போது ஒரு சொம்புத் தண்ணீர் மார்பில் விழுந்ததும் மூச்சு முட்டியது. புதன்கிழமை பாப்பாவின் தலை வாசனை வந்தது, தேங்காய் எண்ணெயும் டீசலும் கலந்து. ஹைரோட்டில் முங்கி நின்ற லாரிகளின் டீசல் அது. டீசலைப் பற்றி அவள் என்னிடம் சொல்லவே இல்லை. வெள்ளிக்கிழமை ரயில்வே ஸ்டேஷன் படியேறும்போது முழங்காலுக்குக் கீழே நரம்பைப் பிடித்து யாரோ இழுத்ததுபோல வலித்தது. சனிக்கிழமை உட்கார்ந்து, ஒரு அடித்தல் இல்லாமல் ஒரு பக்கம் எழுதி முடித்தேன். பொய் எழுதினேன் என்று நினைத்துவிடாதீர்கள். எழுதும்போது அது பொய்யாக இல்லை.

அண்ணன் படித்தார். அவர் கண் கலங்கிவிட்டது. "இத வெச்சிக்கிட்டா இல்லன்னு எழுதினே?" என்று என் தலையில் குட்டினார்.

அடுத்த ஞாயிறு தேவியின் முறை. தேவி ரோட்டைத் தாண்டக் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடிப்பவள். அவள் உள்ளங்கையில் இவள் விரலை வைத்தாள். "எட்டாவதுல ரெண்டு மாசம், ஸ்கூல் வுட்டதும் ஹைரோட்ல டிரெய்லருக்கு முன்னால கைய விரிச்சிக்கினு நிப்பியே, சின்னப் பசங்க தாண்டுற வரைக்கும். ஒரு லாரிக்காரன் அசிங்க அசிங்கமா திட்டினான், நீ நகரல. யோசி, உள்ள கீது." அந்த வாரம் முடிவதற்குள் தேவி வேகமாக வந்த கன்டெய்னர் லாரியைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, சேலைக் கடைக்குப் போகிற மாதிரி சாதாரணமாகத் தாண்டினாள். நான் பின்னால் நின்று பார்த்தேன்.

அதற்கடுத்தது ஸ்டெல்லா. இறாலின் வாடை பட்டாலே வாந்தி எடுப்பவள் அவள். இவள் ஸ்டெல்லாவின் கட்டைவிரல் நகத்தைத் தொட்டு, "உங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்போ நீ காத்தால காசிமேட்ல எறா உரிச்சிட்டு, வெரல் வீங்கிக்கினு ஸ்கூலுக்கு வருவியே," என்றாள். ஸ்டெல்லாவின் அம்மா ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லை. காசிமேட்டில் இறால் உரிப்பது இதைச் சொன்னவளுடைய அம்மாவின் வேலை, உடம்பு முடியாமல் கிடந்ததும் அவர்தான். இது எங்கள் நால்வருக்குமே தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை.

நாலு நாள் கழித்து ஸ்டெல்லாவின் அம்மா கரண்டியும் கையுமாக எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். அரைக் கிலோ இறால் வாங்கி வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கத் திரும்பியிருக்கிறார். அதற்குள் ஸ்டெல்லா தரையில் குந்தி, நகத்தை முதுகில் கொடுத்து ஒரே இழுப்பில் ஓட்டையும் குடலையும் தனித்தனியாக எடுத்து, மொத்தத்தையும் முடித்துவிட்டாளாம். "கூடக்கூடையா உரிக்கிறவங்க மாரி உரிக்கிறாக்கா. அது என் பொண்ணு கையே இல்ல. வேற யாரோ கை," என்று சொல்லிவிட்டு அவர் அழுதார். என் அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அதே வாரம் எதிர்வீட்டில் சத்தம் கேட்டது. அவளுடைய அம்மா கத்திக்கொண்டிருந்தார். "இன்னாடி, நாள் பூரா உரிச்ச கை, புச்சா புடிக்கிற மாரி புடிக்கிற? இத்தினி நாளு செஞ்சது மறந்துச்சா?" நான் தலை வாரிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். அவள் வாசலில் உட்கார்ந்து, ஒரு இறாலை உள்ளங்கையில் வைத்து, எந்தப் பக்கம் தலை என்று தேடுவதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் ஹைரோட்டில் நிற்பதைப் பார்த்தேன். ஒரு காலைத் தாரில் வைப்பாள், லாரி வரும், பின்னால் எடுப்பாள். அரை மணி நேரம் அப்படியே நின்றாள். கடைசியில் மீன் கூடைக்காரம்மா ஒருத்தர் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். டிரெய்லருக்கு முன்னால் கையை விரித்து நின்றது யார் என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை என்று இன்றைக்கு நான் சொன்னால் நம்பாதீர்கள்.

இருந்தாலும் முக்கு வீட்டுக்குப் போய், அந்த வெள்ளத்தன்று பாப்பாவைத் தூக்கி வந்தது யார் என்று கேட்டேன். அந்த அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார். "இன்னா கண்ணு புச்சா கேக்குற? உங்க எதிர்வூட்டுப் பொண்ணுதான். கால்ல ரத்தம் கொட்டுது, புள்ளய கீழ வுடல. அது இல்லன்னா எம்புள்ள ஏது?"

ஃபாரம் அண்ணனிடம் இருந்தது. போய் வாங்கிக் கிழித்திருக்கலாம். போகவில்லை. அவளுக்குத்தான் ஊர்ப்பட்ட ஞாபகம் இருக்கிறதே, தனக்கென்று வேறு எதையாவது எடுத்து எழுதிக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சமாதானம்.

கடைசி ஞாயிறு. அண்ணன் ஃபாரங்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். அவளுடையதைப் புரட்டியவர் நிறுத்தினார். முதல் நாள் எழுதிய 'இல்லை' அப்படியே இருந்தது.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுத்தே. உனக்கு ஒண்ணு இல்லியா?"

"தேடிப் பாத்தேண்ணா," என்றாள். "ஒண்ணும் இல்ல." அரிசி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து சொல்பவளைப் போலச் சொன்னாள். மடியில் அந்தச் சின்னப் புத்தகம் இருந்தது, அட்டையின் ஓரமெல்லாம் நைந்துவிட்டிருந்தது.

அண்ணன் எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க மூணு பேரும் இவகூடவே வளந்தவங்கதானே? இவ பண்ணது ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா. ஒண்ணே ஒண்ணு போதும்."

ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா கட்டைவிரல் நகத்தைக் கடித்தாள். தேவி ஜன்னலைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட தரை. 'அந்தப் பாப்பாவைத் தூக்கியது இவள்தான் அண்ணா' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொன்னால் என் பக்கத்தை அண்ணன் எடுத்துவிடுவார். எனக்கு அத்தையின் கழுத்து கண்ணில் வந்தது.

"தெரியலண்ணா," என்றேன். மூன்று பேரில் முதலில் வாய் திறந்தது நான்தான். அவள் என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசிக்கிற பார்வை அது.

கல்லூரியில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒரு மேடம் என் காகிதத்தைப் படித்துவிட்டு, "கால் உள்ளே போன அந்த நிமிஷம் என்ன நினைச்சே?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது. "செருப்பு போச்சேன்னு நெனச்சேன் மேடம். புதுச் செருப்பு. எங்கம்மா அடிப்பாங்களேன்னு." அவர் சிரித்தார், பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது. செருப்பைப் பற்றி யாரும் என்னிடம் சொன்னதில்லை.

மூன்று பேருக்கும் கிடைத்தது. ஹாஸ்டலுக்குக் கிளம்பும் அன்று டிரங்குப் பெட்டியோடு ஆட்டோவுக்காக நின்றேன். முக்கு வீட்டுக்காரம்மா வந்து நெற்றியில் சிலுவை போட்டார். "நீ அன்னிக்குக் கேட்டியே கண்ணு. எதிர்வூட்டுப் பொண்ணு அன்னிக்கு எதுக்கு அழுதுச்சு தெரியுமா? காலு கிழிஞ்சதுக்கு இல்ல. புதுச் செருப்பு தண்ணில பூட்ச்சேன்னு அழுதுச்சி." ஆனாலும் ஆட்டோவில் ஏறினேன். ஏறாமல் இருந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் ஏறினேன்.

அதற்குப் பிறகு லீவுக்கு வரும்போதெல்லாம் அவள் வீட்டைத் தாண்டாமல், மார்க்கெட் வழியாகச் சுற்றிக்கொண்டு வருவேன். அம்மாதான் சேதி சொல்வார். "அது எங்கியும் போறதில்ல. வூட்லயே குந்திக்கினு கீது. அன்னிக்கு கேஸ் புக்கு எங்கடின்னு கேட்டேன். கேஸ் புக்குன்னா இன்னா ஆன்ட்டின்னு சிரிக்குது." சொல்லிவிட்டு அம்மா என் தட்டில் இன்னும் ஒரு கரண்டிச் சோறு போடுவார். நான் அதையும் சாப்பிட்டு முடிப்பேன்.

வெள்ளம் எனக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தது. இரண்டு கம்பெனி மாறினேன், இரண்டிலும் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும் தண்ணீர், பாப்பா, சாக்கடை, செருப்பு. கேட்டவர்கள் சிரித்தார்கள், கண் கலங்கினார்கள். அறைக்கு வந்ததும் சுடிதாரை முழங்கால் வரை தூக்கி, கீழே வலிக்கும் இடத்தில் விளக்கைப் பிடித்துப் பார்ப்பேன். ஒரு கீறல்கூட இருக்காது. எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி வெயிலில், நேராக அவள் வீட்டுக்கே போனேன். இனிமேல் முடியாது என்று ஆகிவிட்டது, அதற்குமேல் காரணம் ஒன்றும் இல்லை. அவள் வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நைட்டியைத் தூக்கிப் பிடித்துக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். இடது முழங்காலுக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்கு, வெள்ளையாகப் பளபளவென்று தழும்பு.

என்னைப் பார்த்தாள். எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்கவில்லை. "இது எப்டி வந்துச்சின்னு உனக்குத் தெரியுமா?" என்றாள் தழும்பைக் காட்டி. "எங்கம்மா இன்னாமோ வெள்ளம், பாப்பான்னு சொல்லுது. எனக்கு யாரோ கத மாரி கீது. காலு என்னுதுதான். கத மட்டும் என்னுது இல்ல."

நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தேன். என் விரலை அந்தத் தழும்பில் வைத்தேன். "உன்னுதுதான்டி. அது நீதான். யோசி, உள்ள கீது," என்று ஆரம்பித்தேன். தையல் மெஷின், பாப்பாவின் தலை, டீசல் வாடை, மூடி இல்லாத சாக்கடை. ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஜன்னல் கம்பிக்கு வந்தபோது நான் சொல்வதற்கு முன்பே அவள் உடம்பு தூக்கிப்போட்டது.

"செருப்பு!" என்றாள். "புதுச் செருப்புடி! செவப்புப் பட்டி வெச்சது! எங்கம்மா தொடப்பத்தாலயே அடிச்சிது!" சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். "அன்னிக்கு அண்ணன் கேட்டப்போ சொல்லியிருக்கணும்டி. ஃபாரத்தக் கிழிச்சாலும் பரவால்லன்னு சொல்லியிருக்கணும். தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிடு," என்றேன். பத்து வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டேன். அவள் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

அப்போதே எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை.

"சர்தான்," என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "வேற இன்னா கீது?"

"வேற இன்னா?"

உள்ளே போய் அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்துவந்தாள். அட்டை வெளுத்து, வாசல் வளைவு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதை என் மடியில் வைத்து, என் மணிக்கட்டில் அவள் விரலை வைத்தாள்.

"உள்ள போனா மொத மொத இன்னா இருக்கும்? சொல்லு."

எப்படி மாட்டேன் என்பது? சொன்னேன். ஹாஸ்டல் அறை, நாலு கட்டில், தூக்கத்தில் பாட்டுப் பாடுகிற என் பக்கத்துக் கட்டில்காரி, உப்பில்லாத சாம்பார், முதல் செமஸ்டரில் நான் ஃபெயில் ஆனது, லைப்ரரியில் மூன்றாவது ஜன்னல் ஓரம் எனக்கென்று இருந்த நாற்காலி. அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். முதல் வருஷத்தைச் சொல்லி முடித்தபோது அவளுடைய அம்மா வேலையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். நான் எழுந்தேன்.

"ஒரு தபா மழையில அந்த வாதாங்கா மரத்துக்குக் கீழ மாட்டிக்கினோமில்ல," என்றாள் அவள், என்னைப் பார்க்காமல், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "புஸ்தகத்தத் துப்பட்டால சுத்தி வெச்சிக்கினு. அந்தப் பாட்டுக்காரி செம சிரிப்பு சிரிச்சா."

மரத்தைப் பற்றி நான் சொல்லவே இல்லை. "ஆமா," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று திரும்பிப் போகும்போது ரயிலில் உட்கார்ந்து வெள்ளத்தை நினைத்துப் பார்த்தேன். வார்த்தைகள் இருந்தன, ஃபாரத்தில் எழுதியதுபோல. வாசனை இல்லை, முழங்காலில் வலியும் இல்லை. சரி, அது அவளுடையது, போய்ச் சேர்ந்தது, நல்லதுதான். பிறகு அந்தப் பக்கத்துக் கட்டில்காரியின் பெயரை நினைத்தேன். வரவில்லை. கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் போயிற்று, வரவில்லை. போனில் பழைய போட்டோவைத் தேடி எடுத்தேன். இரண்டாவது வரிசையில் நான் நிற்கிறேன். என் தோளில் கைபோட்டு ஒரு பெண் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். பின்னால் ஒரு மரம். அது என்ன மரம் என்று பார்த்தால் எனக்குத் தெரியவில்லை, வாதாங்கா மரம் என்று அவள் சொன்னதால் தெரியும்.

ஸ்டெல்லாவுக்கும் தேவிக்கும் போன் செய்து சொன்னேன். ஸ்டெல்லா பாதியில் வைத்துவிட்டாள். தேவி முழுக்கக் கேட்டாள். "நான் வர்லடி," என்றாள். "எனக்குப் பாப்பா கீது. தெனம் அத இட்டுக்கினு ஹைரோட்டத் தாண்டணும்." அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

நான் மறு ஞாயிறும் போனேன். இரண்டாம் வருஷத்தைச் சொன்னேன். இப்போது அவள் இரண்டு பின்னலையும் ஒழுங்காக முடிந்திருக்கிறாள். அம்மா நேற்று போனில் சொன்னார்: எதிர்வீட்டில் நாலு பிள்ளைகளை உட்காரவைத்து ஏதோ ஃபாரம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். "காலேஜ் படிச்ச பொண்ணு கணக்கா சோக்கா பேசுதுடி. ஹாஸ்டலு, லைப்ரரின்னு இன்னா இன்னாமோ சொல்லுது. எங்கருந்துடி வந்துச்சி அதுக்கு?" நான் சிரித்து மழுப்பினேன். பிறகு பீரோவைத் திறந்து என் டிகிரி சர்டிபிகேட்டை எடுத்துப் பார்த்தேன். என் பெயர்தான் போட்டிருக்கிறது. கல்லூரியின் பெயரை இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறாள். போவேன். இன்னும் மூன்றாம் வருஷம் மீதி இருக்கிறது.